சர்வருக்குச் சட்டம் உண்டு... டீச்சருக்கு?

பி.எட். படிப்பை ஓட்டல் வேலை முந்திக்கொண்டது எப்படி?

மே மாதம் பாதி கடந்ததும் தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் இரண்டு விளம்பரங்கள் கண்ணில் படும். ஒன்று ஓட்டல் வாசலில் தொங்கும் அட்டை. 'சர்வர், பார்சல் கட்ட, டேபிள் துடைக்க ஆட்கள் தேவை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.' அதன் கீழே மார்க்கர் பேனாவால் சம்பளத் தொகை. போன வாரம் எழுதியதை அடித்துவிட்டு, ஐந்நூறோ ஆயிரமோ கூட்டி மறுபடி எழுதியிருப்பார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, நாலு கடை தள்ளி மின்கம்பத்தில் கட்டிய ஃபிளெக்ஸ். 'ஆசிரியைகள் தேவை. எம்.எஸ்சி., பி.எட்., ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.' சம்பளம்? 'தகுதிக்கேற்ற ஊதியம்.' தொகை கிடையாது. டெமோ கிளாஸ் எடுத்து, தாளாளர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் அது வெளியே வரும். சிறிய நகரங்களின் நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் அந்தத் தொகை பத்தாயிரத்தை ஒட்டித் தொடங்குவது இன்றைக்கும் சாதாரணம். அதற்குக் கீழேயும் உண்டு.

'டீச்சரைவிட ஓட்டல் சர்வர் அதிகமாகச் சம்பாதிக்கிறார்' என்ற பேச்சு இப்போது டீக்கடையிலும் ஸ்டாஃப் ரூமிலும் ஒருசேர அடிபடுகிறது. அதில் கொஞ்சம் கிண்டல் இருக்கிறது, நிறைய உண்மையும் இருக்கிறது. உண்மை எவ்வளவு, காரணம் யார், விலை கொடுப்பது யார் என்று பார்த்தால், கதை டிப்ஸ் தட்டில் முடியவில்லை; உச்ச நீதிமன்றம் வரை போகிறது.

மணிக்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புள்ளிவிவரம் அல்ல, கடைவீதி நிலவரத்தை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு.

நடுத்தர சைவ ஓட்டல். சர்வரின் கையில் நான்கு மேஜைகள். சம்பளம் 13,000 ரூபாய். காலை டிபன் முதல் இரவு டிபன் வரை நாற்பது பில் போகிறது. அதில் பாதிப் பேர் பத்து ரூபாய் வைத்துவிட்டு எழுகிறார்கள். நாளுக்கு 200, மாதம் 26 நாளுக்கு 5,200. மூன்று வேளைச் சாப்பாடு ஓட்டலில். வெளியே சாப்பிட்டால் நாளுக்கு 150 ரூபாயாவது ஆகும். அது 3,900. மொத்தம் 22,100 ரூபாய். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் நின்றால், மணிக்கு 70 ரூபாய் சொச்சம்.

இப்போது மெட்ரிக் பள்ளி ஆசிரியை. சம்பளம் 12,000 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 24 நாள், பள்ளியில் எட்டு மணி நேரம். வீட்டுக்கு எடுத்து வரும் நோட்டுத் திருத்தம், லெசன் பிளான், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். பல பள்ளிகளில் மே மாதச் சம்பளம் கிடையாது; அதையும் கழித்தால் மாதச் சராசரி 11,000 ஆகிவிடும். பஸ் செலவு, சேலைச் செலவு அவருடையது.

நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பத்தாயிரம் வாங்கும் ஆசிரியைக்கு 26 நாளில் வகுத்தால் நாளுக்கு 385 ரூபாய் வரும். முதுகலைப் பட்டத்துக்கும் இரண்டாண்டு பி.எட்.டுக்கும் நம் சந்தை வைத்திருக்கும் விலை, மண்வெட்டிக் கூலிக்கு மேல் 49 ரூபாய்.

இதனால் சர்வர் வேலை சுகமானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலில் நரம்பு முடிச்சு, ஞாயிற்றுக்கிழமை இல்லாத வாழ்க்கை, தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போக முடியாத நிலை. ஏசி ஹாலில் யார் நிற்பது, வாசல் மேஜை யாருக்கு என்பதை சூப்பர்வைசர் முடிவு செய்வார். டிப்ஸும் அதைப் பொறுத்துத்தான். கியூ.ஆர். அட்டை வந்த பிறகு பில்லோடு பணம் நேராக முதலாளி கணக்குக்குப் போய்விடுகிறது. சோம்புத் தட்டில் விழுந்த சில்லறை குறைந்துவிட்டது. ஆனால் இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. இங்கே பிடிக்கவில்லை என்றால், நாளைக் காலை எதிர் ஓட்டலில் நிற்கலாம். சான்றிதழை யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை.

---
பெட்டிச் செய்தி: டிப்ஸ் யாருக்குச் சொந்தம்?

• மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவகங்கள் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்குத் தடை இல்லை.

• வாடிக்கையாளர் கார்டில் கொடுத்து, ஓட்டல் வாங்கிப் பிரித்துத் தரும் டிப்ஸ் 'சம்பளம்' ஆகாது. ஓட்டல் அதற்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை என்று ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

• சம்பளம் இல்லை என்றால் அதற்கு பி.எஃப். கிடையாது. சர்வரின் வருமானத்தில் கணிசமான பங்கு அவருடைய ஓய்வுக்காலத்துக்கு உதவாது.
---

'உன்னதமான பணி' என்ற பூட்டு

ஓட்டல் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணைத் தொழில்களில் உணவகங்களும் இருந்தன. அது முழுதாகக் கைக்கு வருகிறதா என்பது வேறு விஷயம். வராவிட்டால் தொழிலாளர் துறையில் கேட்க ஒரு கதவு இருக்கிறது.

ஆசிரியருக்கு அந்தக் கதவைச் சாத்தியது, அவர்மேல் நாம் வைத்திருக்கும் மரியாதை!

கோவாவில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டு நீக்கப்பட்டார். தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டுப் போன அவருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1988இல் தீர்ப்பு. சுந்தராம்பாள் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். கல்வி கற்பிப்பது உன்னதமான பணி. அதை உடலுழைப்பு என்றோ எழுத்தர் வேலை என்றோ சொல்ல முடியாது. எனவே ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

ஹரியானா அரசு தனியார் பள்ளிகளைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. பள்ளி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் சுந்தராம்பாள் வழியிலேயே நடந்து, ஆசிரியர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றது. பள்ளி வேன் ஓட்டுபவருக்கும் கழிவறை கழுவுபவருக்கும் குறைந்தபட்ச ஊதியம் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வகுப்பில் நிற்பவருக்கு இல்லை.

பணிக்கொடையிலும் இதே கதை. 2004இல் 'ஆசிரியர் பணிக்கொடைச் சட்டப்படி ஊழியர் அல்ல' என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஆனால் அங்கே நாடாளுமன்றம் தலையிட்டது. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. மனது வைத்தால் சட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. பணிக்கொடைக்குச் செய்ததை மாதச் சம்பளத்துக்குச் செய்யவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அட்டவணைத் தொழில் என்ற வரம்பை ஊதியச் சட்டத் தொகுப்பு எடுத்துவிட்டது. எல்லா ஊழியர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்கிறது. 'ஊழியர்' யார் என்ற பட்டியலில் உடலுழைப்பு, மேற்பார்வை, மேலாண்மை, நிர்வாகம், தொழில்நுட்பம், எழுத்து வேலை எல்லாம் வருகின்றன. கற்பித்தல் வரவில்லை. ஆசிரியர் உள்ளேயா வெளியேயா என்பதற்கு இன்னொரு வழக்கு தேவைப்படும் போலிருக்கிறது.

அரசு வேலை என்றால் மட்டும்?

அரசுப் பள்ளியின் நிரந்தர ஆசிரியரை இந்த ஒப்பீட்டில் சேர்க்க முடியாது. ஏழாவது ஊதியக் குழுவின்படி இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. அகவிலைப்படி தனி. 'வாத்தியாருக்கு என்னப்பா, கை நிறையச் சம்பளம்' என்று ஊரில் பேசுவது இவர்களைப் பார்த்துத்தான். அந்தப் பேச்சின் நிழலில் மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள்.

அதே அரசுப் பள்ளி வளாகத்தில் பகுதிநேர ஆசிரியர் ஒருவர் ஓவியமோ உடற்கல்வியோ கணினியோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். 2012இல் 16,549 பேரை 5,000 ரூபாய் சம்பளத்தில் சேர்த்தார்கள். 2021இல் அது 10,000 ஆனது. 2023 அக்டோபரில் 12,500 என்று அறிவித்தார்கள். தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதி இவர்களைப் பணி நிரந்தரம் செய்வது. அந்த எண்ணையே கோஷமாக்கிச் சென்னையில் போராடினார்கள்.

இடைநிலை ஆசிரியர்களிடையே தேதி ஒன்று கோடு கிழித்தது. 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே பாடம், 3,170 ரூபாய் வித்தியாசம். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருந்தவர்கள் இவர்கள்தான்.

கல்லூரிக்குப் போனாலும் கதை மாறவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகள் கொடுத்தது 20,000, பிறகு 25,000. குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்த வழக்கில், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது: குருவை தெய்வம் என்று மேடையில் போற்றினால் போதாது, அந்த மரியாதை கொடுக்கும் சம்பளத்திலும் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். 1988இல் மரியாதையைக் காரணம் காட்டியதும் அதே நீதிமன்றம்தான்.

---
பெட்டிச் செய்தி: அமெரிக்காவில்...

• டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அதே தொகை. டிப்ஸ் சேர்த்தும் 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும்.

• கலிபோர்னியா, வாஷிங்டன், நெவாடா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் இந்தச் சலுகை முதலாளிக்குக் கிடையாது. முழுக் குறைந்தபட்சக் கூலிக்கு மேல்தான் டிப்ஸ்.

• 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு உண்டு. அதே 2025 கணக்கில், சொந்தப் பணத்தில் வகுப்புக்குப் பொருள் வாங்கிய ஆசிரியர் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை 300 டாலர்.

• ஒத்த படிப்புள்ள மற்றவர்களைவிட அரசுப் பள்ளி ஆசிரியரின் வாரச் சம்பளம் 2023இல் 26.6 சதவீதம் குறைவு என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் கணக்கிட்டது.
---

டீச்சரின் டிப்ஸுக்குத் தடை

சம்பளம் போதாத சர்வருக்கு டிப்ஸ் கைகொடுக்கிறது. சம்பளம் போதாத டீச்சருக்கு? டியூஷன். மாலை ஐந்து மணிக்குத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பாய் விரித்து, தலைக்கு முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பல வீடுகளில் வாடகையைக் கட்டுவது இந்தப் பணம்தான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆவது பிரிவு, எந்த ஆசிரியரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. வகுப்பில் பாதி, வீட்டில் மீதி என்று பாடம் நடத்தும் போக்கைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, ஆசிரியரின் சம்பளமும் பணி நிபந்தனைகளும் அரசு வகுக்கும் விதிப்படி இருக்க வேண்டும் என்கிறது. 28 நினைவில் இருக்கிறது, 23 மறந்துபோயிற்று.

தகுதி கேட்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. 2010இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. ஓராண்டு பி.எட். ஈராண்டானது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் தகுதித் தேர்வு கட்டாயம் என்றது. படியேறிக்கொண்டே இருக்கும் தகுதிக்கு ஈடாகத் தனியார் பள்ளிச் சம்பளம் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை?

முதல் காரணம், வரிசை. தமிழ்நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட பி.எட். கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்புகின்றன. அரசுப் பணி நியமனமோ எப்போதாவது வருகிறது. காத்திருக்கும் காலத்தில் 'அனுபவச் சான்றிதழாவது கிடைக்கட்டும்' என்று கிடைத்த சம்பளத்துக்குச் சேர்கிறார்கள். ஓட்டலில் நிலைமை தலைகீழ். உள்ளூர்ப் பையன்கள் வருவதில்லை. வடமாநிலத் தொழிலாளர்களை வைத்துத்தான் பல ஓட்டல்கள் ஓடுகின்றன. ஆள் பஞ்சம் இருக்கும் இடத்தில் சம்பளம் ஏறும்.

இரண்டாவது, வேலையில் இருப்பது யார் என்பது. பள்ளிகள் பற்றிய மத்திய அரசின் யுடைஸ் 2024-25 கணக்கில் இந்தியாவின் ஆசிரியர் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது, அதில் 54.2 சதவீதம் பெண்கள். நம் ஊர் நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் ஆண் ஆசிரியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், இது கைச்செலவுக்கு', 'வீட்டுக்குப் பக்கம், பிள்ளைகளோடு போய் வரலாம்', 'சொந்தப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை' என்ற மூன்று வாக்கியங்களில் பேரம் முடிந்துவிடும். கணவரை இழந்தவருக்கும் தனியாகக் குடும்பம் நடத்துபவருக்கும் அதே தொகைதான்.

மூன்றாவது, பூட்டு. வேலையில் சேரும்போது அசல் சான்றிதழை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பாதி ஆண்டில் போனால் ஒரு மாதச் சம்பளம் பிடித்தம். வங்கிக் கணக்கில் அரசு விகிதப்படி சம்பளம் ஏற்றிவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் புகார்கள் பல மாநிலங்களில் எழுந்திருக்கின்றன. ஏனென்றால், மாநில அரசு ஊழியர்களுக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. இணைப்பு விதி சொல்கிறது. ஆய்வுக்குக் காட்டப் புத்தகத்தில் தொகை வேண்டும்.

விலை கொடுப்பது யார்?

கொரோனா காலம் இந்த அமைப்பின் உள்ளே இருந்த ஓட்டையை ஊருக்கே காட்டியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் முதலில் நின்றது தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளம். காய்கறி வண்டி தள்ளியவர்களும் நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் உண்டு. தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுத்தது. பட்டதாரிகளுக்கு அரிசி கொடுக்க வேண்டிய நிலை என்பது நிவாரணச் செய்தியாகவே கடந்துபோனது.

அப்போது போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஜவுளிக்கடை, உணவு டெலிவரி, வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை என்று எங்கெங்கோ நிலைத்துவிட்டார்கள். டெலிவரி ஊழியர்களுக்கு 2023 டிசம்பரில் தமிழக அரசு தனி நலவாரியமே அமைத்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அவர்களுக்காக நிறுவனங்கள் வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் ஒதுக்க வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிளில் ஏறியதும் அந்த ஆசிரியர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார். கரும்பலகை முன் நின்றபோது தெரியவில்லை.

இதன் பலன் வகுப்பறையில் விழுகிறது. 'போன வாரம் வரைக்கும் இருந்த மேத்ஸ் மிஸ் இப்போ வரதில்லம்மா' என்று பிள்ளை வந்து சொல்வது பல வீடுகளில் பழகிப்போன செய்தி. ஆண்டு நடுவில் ஆள் மாறினால், புது ஆசிரியர் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொள்ளவே அரைப் பருவம் ஓடிவிடும். எந்தப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை, யாருக்குக் கண் பார்வை சரியில்லை என்பதெல்லாம் போனவரோடு போய்விடும். இருப்பவர்களின் நேரமும் பாடத்துக்கு மட்டும் இல்லை. காலையில் வேன் டியூட்டி, கோடை விடுமுறையில் வீடுவீடாகப் போய் அட்மிஷன் பிடிக்கும் வேலை, கட்டணம் கட்டாத பெற்றோருக்குப் போன் போடும் வேலை.

அதைவிடப் பெரிய இழப்பு, பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பாடம். நன்றாகப் படிக்கும் மாணவியிடம் 'என்ன ஆகப் போகிறாய்' என்று கேட்டால் 'டீச்சர்' என்ற பதில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மிஸ்ஸின் செருப்பையும் அவர் ஏறும் டவுன் பஸ்ஸையும் கவனிக்காத பிள்ளை கிடையாது.

கணக்கு ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது

தனியார் பள்ளிகளின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு அரசு தர வேண்டிய பணம் காலத்தில் வருவதில்லை. சிறிய பள்ளிகளில் பெற்றோர் கட்டண பாக்கி குவிகிறது. அரசுக்கு ஈடான சம்பளம் கொடுத்தால் கட்டணத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்கிறார்கள். கிராமத்து நர்சரிப் பள்ளி விஷயத்தில் இது உண்மையாகவே இருக்கலாம். ஏசி வகுப்பறை, நீச்சல் குளம் என்று விளம்பரம் செய்யும் பள்ளிக்கு இந்த வாதம் எடுபடாது. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. பள்ளி இருக்கும் இடம், கட்டமைப்பு, நிர்வாகம் மற்றும் பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்துத்தான் தொகை முடிவாகிறது. அந்தச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். அதாவது, 'எங்கள் ஆசிரியர்களுக்கு இவ்வளவு கொடுக்கிறோம்' என்று கணக்குக் காட்டித்தான் பள்ளிகள் நம்மிடம் கட்டணம் வாங்குகின்றன.

அந்தக் கணக்கைக் கட்டண விவரத்தோடு சேர்த்து வெளியிட்டால் போதும். புதிய வரி வேண்டாம், மானியம் வேண்டாம். காகிதத்தில் இருக்கும் சம்பளமும் கையில் வரும் சம்பளமும் ஒன்றுதானா என்பதை ஸ்டாஃப் ரூமில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். கூடவே, பணிக்கொடைக்குச் செய்ததுபோல ஊதியச் சட்டத் தொகுப்பிலும் ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு வரித் திருத்தம் வேண்டும். முன்பு ஹரியானாவை நீதிமன்றம் தடுத்தது. சட்டம் திருந்திவிட்டால் தடுக்கக் காரணம் இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜூனில் சேர்க்கைக்குப் போகும்போது ரிசல்ட், பஸ் ரூட், ஸ்மார்ட் போர்டு எல்லாம் விசாரிக்கிறோம். 'இந்த வகுப்பு டீச்சருக்கு என்ன சம்பளம், எத்தனை வருடமாக இருக்கிறார்?' என்று கேட்பதில்லை. பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் கட்டணம் எங்கே போகிறது என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.